விரல் தொட்டால் திறக்குமா லினக்ஸ்?

கேரள மலைப் பகுதியில் தமிழ்க் குழந்தைகள் பள்ளியில் கற்பது லினக்ஸ். வீட்டுக்குத் தொடுதிரை லேப்டாப் வரும்போது எழுகிறது அடுத்த கேள்வி: எந்த டெஸ்க்டாப்?

கோட்டயத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச் சாலையில், குட்டிக்கானத்தைத் தாண்டியதும் வருகிறது பீர்மேடு. தக்கலையில் அடக்கமாகியிருக்கும் தமிழ் சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா இங்கே தங்கித் தவம் செய்ததால் வந்த பெயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1956ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளத்தோடு பீர்மேடு தாலுகாவும் கேரளத்திலேயே நின்றுவிட்டது. தேயிலைத் தோட்ட லயங்களில் பல தலைமுறைகளாக வாழும் தொழிலாளர் குடும்பங்களின் பேச்சும் பாட்டும் தமிழ். தாலுகா ஆபீஸும் பஸ்ஸின் பெயர்ப் பலகையும் மலையாளம். குழந்தைகள் இரண்டுக்கும் நடுவே வளர்கிறார்கள்.

அந்தக் குழந்தைகளிடம் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு தனித்தன்மை உண்டு. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் விண்டோஸ். பீர்மேட்டில் பள்ளி செல்லும் தமிழ்க் குழந்தைக்கோ கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ்.

காரணம், கேரள அரசின் கொள்கை. 2001ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற பெயரில் தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம், சில வருடங்களிலேயே விண்டோஸை விட்டுக் கட்டற்ற சாஃப்ட்வேருக்கு மாறியது. 2017ல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாகியது. 2018 ஜனவரியில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில், 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்காக 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் என்று திட்டமிடப்பட்டது. 2019ல் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பு தயாரானபோது, லைசென்ஸ் செலவில் ரூ.3,000 கோடி மிச்சம் என்று கைட் கணக்குச் சொன்னது. 2024ல் வந்த பதிப்பின் அடிப்படை உபுண்டு 22.04. இந்தப் பாடத்துக்கான புத்தகம் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் அச்சாகிறது.

ஆக, பள்ளியில் தேர்வு செய்யும் தொல்லை இல்லை. அரசு தேர்ந்தெடுத்ததைத் திறந்து பாடம் படித்தால் போதும். வீட்டில்தான் சிக்கல்.

பழைய லேப்டாப், புதிய வேலை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள். விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சிப்பும் பிராசஸரும் பல பழைய லேப்டாப்களில் இல்லை. இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. விளைவு: ஓடும் நிலையில் இருக்கும் லேப்டாப்கள் கம்பெனிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் தொடுதிரை உள்ளவை, திரையை முழுக்கப் பின்னால் மடக்கிப் பலகை போல் பிடிக்கக்கூடியவை எல்லாம் உண்டு.

தோட்டக் கூலியில் ஓடும் வீட்டுக்கு லேப்டாப் என்பது விளையாட்டுச் செலவல்ல. 2000ஐ ஒட்டி வந்த விலைச் சரிவில் பீர்மேட்டில் மூடப்பட்ட தோட்டங்களின் வடு இன்னும் ஆறவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் வாங்கும் ஒரே மெஷின் படிக்கும் பையனுக்கும், விண்ணப்பம் நிரப்பும் அக்காவுக்கும், வெளியூர் மகனை வீடியோவில் பார்க்கும் பாட்டிக்கும் உதவ வேண்டும். பாட்டிக்கு மவுஸ் தெரியாது. ஆனால் செல்போன் பழகியதால் திரையைத் தொடத் தெரியும். தொடுதிரையின் உண்மையான பயன் அங்கேதான்.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது இன்று பெரிய வித்தை அல்ல. போட்ட பிறகு விரலுக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்பதை நிர்ணயிப்பது டெஸ்க்டாப்.

ஒரே எஞ்சின், பல முகங்கள்

விண்டோஸில் முகம் ஒன்றுதான். அதைக் கம்பெனி தீர்மானிக்கும். லினக்ஸில் உள்ளே இருக்கும் எஞ்சின் ஒன்று, மேலே போர்த்தும் முகம் பல. மெனு எங்கே இருக்க வேண்டும், ஜன்னல்கள் எப்படி நகர வேண்டும், பட்டன் எத்தனை பெரியது என்பதையெல்லாம் அந்த முகம் முடிவு செய்கிறது. அதற்குத்தான் டெஸ்க்டாப் என்று பெயர்.

1996ல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் என்ற மாணவர் கேடிஇ திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே மெக்ஸிகோவைச் சேர்ந்த மிகுவல் டி இகாசாவும் ஃபெடரிகோ மெனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். எக்ஸ்எஃப்சிஇ பிறந்ததும் 1996ல்தான். மூன்றும் மவுஸையும் கீபோர்டையும் மனதில் வைத்துப் பிறந்தவை. விரல் வந்தது பின்னால்.

அந்த வருகைக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னது. 2011ல் வெளியான க்னோம் 3, பழைய மெனுவையே தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய ஐகான்களோடு செல்போன் போன்ற தோற்றத்துக்கு மாறியது. பழகியவர்கள் கொதித்தார்கள். பழைய க்னோமைப் பிடித்துக்கொண்டு மாட்டே என்ற தனி டெஸ்க்டாப் கிளம்பியது அந்தக் கோபத்தில்தான். அன்று திட்டு வாங்கிய அந்தப் பெரிய ஐகான்கள் இன்று தொடுதிரைக்குக் கைகொடுக்கின்றன.

அடித்தளத்தைப் பாருங்கள்

முகத்தைத் தேர்வு செய்யும் முன் அதற்கும் கீழே இருக்கும் ஓர் அடுக்கைக் கவனிக்க வேண்டும். திரையில் எது எங்கே வரையப்பட வேண்டும், விரல் எங்கே பட்டது என்று கணக்குப் பார்க்கும் அடுக்கு அது. இதில் இரண்டு வகை. 1987லிருந்து இருக்கும் எக்ஸ் 11 ஒன்று. 2008ல் தொடங்கிய வேலாண்ட் மற்றொன்று.

எக்ஸ் 11 உருவான காலத்தில் வீட்டு லேப்டாப்பில் தொடுதிரை கிடையாது. தொடுகை பின்னால் ஒட்டவைக்கப்பட்டது. அதனால் தொடுகை புரியாத புரோகிராமுக்கு அது விரலை மவுஸ் என்று மாற்றிச் சொல்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தை மேலே தள்ள விரலை இழுத்தால், பக்கம் நகராமல் எழுத்துகள் நீல நிறத்தில் தேர்வாகும் வேடிக்கை இப்படி வருவதுதான். இதற்கு மாற்று உண்டு: ஒரு சிறு அமைப்பு வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும். அதே ஃபயர்ஃபாக்ஸ் வேலாண்டில் எந்த மருந்தும் இல்லாமல் விரலுக்கு நகர்கிறது.

ஆசிரியர்களுக்கு இன்னொரு தலைவலி. எக்ஸ் 11ல் ஓடும் தொடுதிரை லேப்டாப்போடு புரொஜெக்டரை இணைத்தால், இரண்டு திரைகளையும் ஒரே பெரிய திரையாக நினைத்துக்கொண்டு, விரல் ஓரிடத்தில் பட வேறோரிடத்தில் க்ளிக் ஆவது உண்டு. திரையைச் செங்குத்தாகத் திருப்பினாலும் இதே குழப்பம் வரலாம். கட்டளை கொடுத்துத் திருத்தலாம். ஆனால் 40 குழந்தைகள் காத்திருக்கும் வகுப்பில் கட்டளை தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே பொது விதி எளிது: விரல் முக்கியம் என்றால் வேலாண்ட்.

மூன்று வேட்பாளர்கள்

க்னோம். உபுண்டுவும் ஃபெடோராவும் தரும் இயல்பான முகம். இரண்டிலும் வேலாண்ட்தான் முதல் தேர்வு. திரையில் மூன்று விரலை வைத்து மேலே தள்ளினால் திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களும் விரிகின்றன. கீழ் விளிம்பிலிருந்து விரலை மேலே இழுத்தால் திரைக் கீபோர்டு எழுகிறது. சென்சாரை லினக்ஸ் அடையாளம் கண்டுவிட்டால், லேப்டாப்பைத் திருப்பும்போது படமும் திரும்பும். பாட்டிக்கு ஏற்றது. குறை: தன் விருப்பப்படி மாற்றியமைக்க நினைப்பவருக்கு வசதிகள் குறைவு. 4 ஜிபி நினைவகத்தில் தள்ளாடும். 8 ஜிபி இருந்தால் தாராளம்.

கேடிஇ பிளாஸ்மா. பார்க்க விண்டோஸ் ஜாடை. கீழே பட்டை, மூலையில் மெனு. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6லிருந்து இதற்கும் வேலாண்ட்தான் இயல்பு. கீபோர்டைப் பின்னால் மடக்கியதும் தொடுமுறைக்குத் தானே மாறி, பட்டன்களுக்கு இடையே இடைவெளியை விரிக்கிறது. திரையின் நான்கு விளிம்புகளில் விரல் இழுப்புக்கு நீங்கள் விரும்பும் வேலையை ஒதுக்கலாம். திரைக் கீபோர்டை மட்டும் அமைப்புகளில் போய் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கலாம். விண்டோஸில் பழகிய அக்காவுக்கு இது நெருக்கம். ஆனால் அமைப்புகள் காட்டுக்குள் வழி தவறுவதும் எளிது.

எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாட்டே. சிக்கனக்காரர்கள். 4 ஜிபி நினைவகமும் பழைய பிராசஸரும் உள்ள மெஷினிலும் ஓடுவார்கள். ஆனால் இவற்றின் மெனு வரிகள் மவுஸ் முனைக்கு அளந்தவை, விரலுக்குச் சிறியவை. திரைக் கீபோர்டும் கூடவே வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20ல் வேலாண்ட் சோதனை நிலையில்தான் இருந்தது. தொடுதிரையை எப்போதாவது மட்டும் தொடுபவருக்கு இது போதும்.

இதோடு முடிந்தது என்றுதான் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பேனாவை மூடுவார்கள். தமிழ் வாசகருக்குப் பாதிதான் முடிந்திருக்கிறது.

விரலுக்கு அடியில் எந்த எழுத்து?

கீபோர்டு உள்ள லேப்டாப்பில் தமிழ் தட்டுவது தீர்ந்துபோன பிரச்னை. 1999ல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அறிவித்த தமிழ்99 அமைப்பும் லினக்ஸில் உண்டு. ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிப்படி தட்டும் முறையும் உண்டு. எந்த டெஸ்க்டாப்பிலும் அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துகளும் உடையாமல் தெரிகின்றன.

திரையை மடக்கிப் பலகையாக்கியதும் நிலைமை மாறுகிறது. இப்போது கையில் இருப்பது திரைக் கீபோர்டு மட்டும். ஒவ்வொரு மொழிக்கும் அதற்குத் தனி வரைபடம் தேவை. வரைபடம் இல்லாத மொழியைத் தேர்ந்தெடுத்தால், பல திரைக் கீபோர்டுகள் சத்தமில்லாமல் ஆங்கில எழுத்துகளைக் காட்டிவிடும். உள்ளே தமிழ் ஓடினாலும் கண்ணுக்குத் தெரிவது ஆங்கிலம் என்றால், தமிழ்ப் புத்தகத்தில் படித்த குழந்தைக்கும் கையெழுத்து மட்டும் தெரிந்த பாட்டிக்கும் அதனால் என்ன பயன்?

இங்கே விநோதமான ஒரு நிலைமை. 'ஆன்போர்டு' என்ற திரைக் கீபோர்டு, கம்ப்யூட்டரில் எந்தக் கீபோர்டு அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதையே எழுத்து எழுத்தாக வரைந்து காட்டும். தமிழ்99ஐத் தேர்ந்தால், உயிரெழுத்து 12, மெய் வரிசை 18, ஆய்தம் என்று 31 விசைகளும் தமிழில் எழுந்து நிற்கும். அந்த 31க்குள் 247 எழுத்தும் அடக்கம். குழந்தைக்கு இதுவே அரிச்சுவடிப் பலகை. ஆனால் ஆன்போர்டு எக்ஸ் 11க்காக எழுதப்பட்டது. வேலாண்டில் ஒழுங்காக வேலை செய்யாது.

அதாவது, விரல் இழுப்புக்கு நல்லது வேலாண்ட். தமிழ் எழுத்தைத் திரையில் பார்த்துத் தட்ட எளிய வழி எக்ஸ் 11. ஆங்கிலத்தில் தட்டுபவருக்கு இல்லாத இந்த இக்கட்டு தமிழருக்கு உண்டு.

எக்ஸ் 11 வழியும் நாளுக்கு நாள் குறுகி வருகிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, க்னோமை எக்ஸ் 11ல் ஓட்டும் வசதியைக் கைவிட்டுவிட்டது. கேடிஇயும் அதே திசையில் போவதாக அறிவித்திருக்கிறது. ஆனால் உடனே பதற வேண்டியதில்லை. உபுண்டு 24.04ல் அந்த வசதி இன்னும் இருக்கிறது; அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 வரை வரும்.

வாங்கும் முன் அரை மணி

நல்ல செய்தி: எதையும் அழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுதிக்கொண்டு, லேப்டாப்பை அதிலிருந்து ஓட்டினால் போதும். பெரும்பாலான மெஷின்களில் ஆன் செய்யும்போது எஃப் 12 போன்ற ஒரு விசையை அழுத்தினால் வழி திறக்கும். 'நிறுவு' என்பதைத் தொடாமல் 'முயன்று பார்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய லேப்டாப்பை விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்னாலேயே இதைச் செய்வது புத்திசாலித்தனம்.

பிறகு வரிசையாகப் பாருங்கள். பிரவுசரில் நீளமான பக்கம் ஒன்றைத் திறந்து விரலால் தள்ளுங்கள். நகர்கிறதா, எழுத்து தேர்வாகிறதா? ஓரிடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் மெனு வருகிறதா? லேப்டாப்பைச் செங்குத்தாகப் பிடியுங்கள். படமும் தொடுகையும் சேர்ந்தே திரும்புகின்றனவா? திரையின் நான்கு மூலைகளிலும் தொடுங்கள். தானாகவே க்ளிக் ஆகிறது என்றால் குறை டெஸ்க்டாப்பில் இல்லை, கண்ணாடியில். மழைக்காலத்தில் பீர்மேட்டுப் பனியில் ஈரக் கை பட்டாலும் தொடுதிரை தடுமாறும். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வைஃபை, காமிரா, ஒலி மூன்றும் வேலை செய்கின்றனவா?

கடைசிச் சோதனைதான் முக்கியம். அமைப்புகளில் தமிழைச் சேருங்கள். திரைக் கீபோர்டை எழுப்புங்கள். கண்ணுக்கு 'அ' தெரிகிறதா? தெரிந்தால், 'பெரியம்மா வீட்டுக்குப் போனோம்' என்று ஒரு வரி தட்டிப் பாருங்கள். ஒற்றும் கொம்பும் தத்தம் இடத்தில் விழுந்தால் அந்த டெஸ்க்டாப் உங்களுக்கானது.

அரை மணி முடிவில் தேர்வு ஏறத்தாழத் தெளிந்துவிடும். 8 ஜிபி நினைவகம், மடங்கும் திரை, வீட்டில் பலர் தொடப் போகிறார்கள்: க்னோம். விண்டோஸ் பழக்கம் விடவில்லை, விருப்பப்படி மாற்றிக்கொள்ளப் பொறுமை உண்டு: பிளாஸ்மா. 4 ஜிபி மெஷின், தட்டுவது பெரும்பாலும் கீபோர்டில்: எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாட்டே. திரையில் தமிழ் எழுத்தைப் பார்த்துத் தட்டுவதே முதல் தேவை, மற்ற வழிகளில் 'அ' தெரியவில்லை: உபுண்டு 24.04ல் எக்ஸ் 11, ஆன்போர்டு, தமிழ்99. பள்ளியில் ஓடுவதும் உபுண்டு குடும்பம் என்பதால், ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ், டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி போன்ற பாடப் புரோகிராம்கள் எல்லாம் வீட்டிலும் காசில்லாமல் கிடைக்கும். குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரி விரலுக்கென்றே செய்தது போல் இருக்கும்.

தேர்ந்தது தவறாகப் போனாலும் நஷ்டமில்லை. ஒரே லேப்டாப்பில் இரண்டு டெஸ்க்டாப்களை வைத்துக்கொள்ளலாம். உள்ளே நுழையும் திரையில் பயனர் பெயரைத் தொட்டதும் தோன்றும் சிறு சக்கரத்தைத் தொட்டு, இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று மாற்றிக்கொள்ளலாம்.

யார் எழுதுவது?

மலையாளத்துக்கு 2002லிருந்தே 'ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தன்னார்வக் குழு உழைத்து வருகிறது. எழுத்துரு, மொழிபெயர்ப்பு, கீபோர்டு என்று கேரளக் கட்டற்ற சாஃப்ட்வேரில் அவர்கள் கைபடாத இடம் குறைவு. தமிழிலும் கேடிஇ, க்னோம் இரண்டையும் மொழிபெயர்த்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். 2012ல் தொடங்கிய 'கணியம்' போன்ற தமிழ் இதழ்கள் கட்டற்ற சாஃப்ட்வேரைத் தமிழில் சொல்லிக்கொடுத்தன. ஆனாலும் டெஸ்க்டாப்பைத் தமிழுக்கு மாற்றினால் நடுநடுவே ஆங்கில வரிகள் எட்டிப் பார்க்கின்றன. அந்த வரிகளை எழுத இன்னும் ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

திரைக் கீபோர்டு வரைபடமும் அப்படித்தான். அது பெரிய சாஃப்ட்வேர் அல்ல. எந்த விசையில் எந்த எழுத்து என்று சொல்லும் சிறிய கோப்பு. க்னோமில் அதைச் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கலாம், திருத்தலாம், திட்டத்துக்கு அனுப்பலாம். இலவசம் என்பதை விட இதுதான் லினக்ஸின் பெரிய லாபம். விண்டோஸில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தால் கம்பெனி மனம் வைக்க வேண்டும். இங்கே, பள்ளியில் பத்து வருடம் லினக்ஸில் பழகிய ஒரு பிளஸ் டூ மாணவியே திருத்திவிட முடியும்.

அப்படிப்பட்ட மாணவிகள் தமிழ்நாட்டை விட அதிகமாகப் பழகியிருப்பது வண்டிப்பெரியாறிலும் ஏலப்பாறையிலும்தான். அவர்களுக்குத் தமிழும் தெரியும், லினக்ஸும் தெரியும். தொடுதிரையில் 'அ' தேடி ஏமாறும் பாட்டியும் பெரும்பாலும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.